மலை ரயிலுக்கு நீலம்

ஷேடு கார்டை விசிறிபோல விரித்து மேஜைமேல் வைத்துவிட்டு, "நீலத்துல மட்டும் இத்தன இருக்குதுங்கம்மா, நிதானமாப் பாருங்க" என்று சொல்லிப் பெயின்ட் கடைக்காரப் பெண் மெஹருன்னிசா ஃபோனை எடுத்துக்கொண்டு உள்பக்கம் போனாள். தவமணி கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள். இடது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு வலது கண்ணால் மட்டும் அட்டையைப் பார்த்தாள். போன மாதம் புரை எடுத்து லென்ஸ் வைத்த கண் அது. பார்த்த மாத்திரத்தில் மூச்சை உள்ளே இழுத்தவள் வெளியே விட மறந்துபோனாள். விடிவதற்குக் கொஞ்சம் முன்னால் கிழக்கே தெரிகிற நீலம் ஒன்று. பள்ளிக்கூடத்தில் மசிக்கூடு உடைந்து பாவாடையில் ஊறிய நீலம் ஒன்று. புறா கழுத்தைத் திருப்பும்போது மின்னுவது, ரேஷன் மண்ணெண்ணெய், சங்குப்பூ, சங்குப்பூ வாடின பிறகு, ஈரச் சிலேட்டு. ஒவ்வொன்றும் அதனதன் கட்டத்துக்குள் நின்றுகொண்டு நான் வேறு, பக்கத்தில் இருப்பவன் வேறு என்று சொல்லிக்கொண்டிருந்தது. கையை மாற்றி வலது கண்ணைப் பொத்தினாள். இடது கண்ணில் புரை இன்னும் அப்படியே இருக்கிறது. அதே அட்டைதான். யாரோ அதை ஆறிப்போன டீயில் முக்கி எடுத்து வைத்துவிட்டார்கள். சங்குப்பூவும் புறாக் கழுத்தும் ஒன்றாகிப் போயின. மண்ணெண்ணெய் இருந்த இடத்தில் ஏதோ பாசித் தண்ணீர். மறுபடியும் கையை மாற்றினாள். எல்லாம் வந்தது. மாற்றினாள். எல்லாம் போனது. வாசலோரம் ஸ்டூலில் ஹெல்மெட்டை மடியில் வைத்து உட்கார்ந்திருந்த அவள் கணவர் வெள்ளியங்கிரி, "ஏன் தவமணி, கண்ணு உறுத்துதா? தூசியில கண்ணாடியக் கழட்டாதீங்கன்னு டாக்டர் சொன்னாரல்ல" என்றார். "உறுத்தலீங்க" என்றாள். உறுத்தினால்கூடத் தேவலை, கண்ணை மூடிக்கொள்ள ஒரு காரணம் கிடைக்கும் என்று நினைத்தாள்.

கட்டு அவிழ்த்து வீட்டுக்கு வந்த மறுநாள் காலையில் பால் காய்ச்ச அடுப்பைப் பற்றவைத்தவள் இப்படித்தான் நின்றுவிட்டாள். பர்னரைச் சுற்றி வட்டமாக நீலப் பூ ஒன்று பூத்திருந்தது. ஒவ்வொரு இதழும் தனித்தனியாக, நுனியில் கூர்மையாக, அடியில் கண்ணாடிபோல ஒன்றுமேயில்லாமல். நேற்றும் அது பூத்திருக்கும், போன வருஷமும் பூத்திருக்கும். அவள்தான் மங்கலாக ஏதோ அசைவதை மட்டும் பார்த்து, எரிகிறது என்று முடிவுசெய்து, பாத்திரத்தை மேலே வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். பால் பொங்கி வழிந்து அந்த நீலம் மஞ்சளாகிப் படபடத்த பிறகுதான் குமிழைத் திருகினாள். அதற்கப்புறம் சொந்த வீட்டுக்குள் நடப்பதே விருந்துக்கு வந்த வீட்டில் நடப்பதுபோலக் கூச்சமாக இருந்தது. இந்தச் சுவர் இவ்வளவு வெள்ளையா. பின்கட்டுத் தண்ணீர் டிரம் நீலமா, பச்சை என்றல்லவா இருந்தது. அப்போதுதான் கொடியில் காய்ந்துகொண்டிருந்த அவருடைய வேட்டியைப் பார்த்தாள். வேட்டி வெள்ளையாக இல்லை. வெளிர் நீலமாக இருந்தது. பக்கத்தில் இன்னொன்று, அதுவும். உள்ளே போய் பீரோவைத் திறந்தால் அடுக்கு அடுக்காக வானத்து நிறத்தில் வேட்டிகள். பழுப்பேறிப் போச்சு, பழுப்பேறிப் போச்சு என்று ஒவ்வொரு வாரமும் வாளியில் சொட்டு நீலத்தை இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று விட்டது அவள் கை. பழுப்பேறியிருந்தது அவள் கண். வேட்டியே இப்படி என்றால், என்று நினைத்தவள் அந்த நினைப்பை முடிக்காமல் பீரோவைச் சாத்தினாள். மாடிக்குப் போக அவளுக்குச் சில நாள் பிடித்தது. மாடி அறையில் அவர் செய்து அவள் வர்ணம் தீட்டிய ரயில்கள் அலமாரி நிறைய நிற்கின்றன. முழங்கை நீளப் பெட்டிகள், ஊட்டி மலை ரயில், ஒன்றின்பின் ஒன்றாக ஆண்டுக்கு ஒரு ரயில். முதலில் செய்ததற்குக் குறை சொல்ல முடியாது, மேட்டுப்பாளையத்து ஸ்டேஷனில் நிற்கிற அதே நீலம். அடுத்ததும் பரவாயில்லை. அதற்கடுத்ததில் நீலம் ஒரு துளி தூக்கல். அப்புறம் இன்னும் ஒரு துளி. கடைசி ரயில் மசிப்புட்டிக்குள் விழுந்து எழுந்து வந்ததுபோல நின்றது. ஜன்னலைச் சுற்றி அவள் க்ரீம் என்று அடித்த பட்டை சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. தன் கண் கொஞ்சம் கொஞ்சமாக இருட்டிக்கொண்டு வந்த கதையைத் தானே ரயில் ரயிலாக வரிசைப்படுத்தி, தானே தூசி தட்டி, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டியும் இருக்கிறாள். அலமாரியின் முன்னால் வெறும் தரையில் உட்கார்ந்துகொண்டு அதைப் பார்த்தாள். அழுகை வரும் என்று நினைத்தாள், வரவில்லை. கோயிலில் திரை விலகும்போது வருமே ஒரு நடுக்கம், அதுதான் வந்தது.

"வண்டி காருங்களா, பைக்குங்களா?" மெஹருன்னிசா திரும்பி வந்திருந்தாள்.

"ரயிலு" என்றாள் தவமணி.

வெள்ளியங்கிரி எழுந்து வந்து மஞ்சள் பைக்குள்ளிருந்து துணி சுற்றிய பெட்டியை எடுத்து மேஜைமேல் வைத்தார். வர்ணம் காணாத பித்தளைப் பெட்டி. மெஹருன்னிசா அதைத் தொடலாமா என்று கண்ணாலேயே கேட்டுவிட்டு ஜன்னல் வரிசையில் விரலை ஓட்டினாள். "கதவெல்லாம் தொறக்குதுங்களே."

"தொறக்கும்" என்றார் அவர். "முன்னால சின்னதாத் திட்டு மாதிரி இருக்குது பாருங்க, அதுல பிரேக்குக்காரன் நிப்பான். பெட்டிக்கு ஒருத்தன். மலையில அவங்க இல்லீன்னா வண்டி இல்ல."

"ஊட்டி ரயில் நீலமுங்களா? போட்டோ இருந்தாக் காட்டுங்க."

"போட்டோவுல வர்ற நீலம் வேறங்க" என்றாள் தவமணி.

"அப்பச் சரி, கார்டு பாத்து நம்பர் சொல்லுங்க. மெஷின் கலக்கிக் குடுத்துரும். கால் லிட்டருக்குக் கொறஞ்சு மட்டும் கலக்காதுங்கம்மா."

நம்பர். அவள் வேலை பார்த்த மில்லிலும் நம்பர்தான். சாயப் பிரிவில் வடக்கு ஜன்னலோரம் அவளுடைய மேஜை. வாங்குகிறவர்கள் அனுப்பின துண்டுத்துணி ஒரு கையில், தொட்டியிலிருந்து எடுத்துக் காயவைத்த துண்டு இன்னொரு கையில், இரண்டையும் விளிம்போடு விளிம்பாக வைத்து அவள் பார்ப்பாள். சிவப்பு கொஞ்சம் தூக்கல் என்பாள், இல்லையென்றால் தலையை ஆட்டுவாள், அவ்வளவுதான் வேலை. தவமணி பார்த்தாச்சா என்று மேனேஜர் கேட்பார். பார்த்தாச்சு என்றால் லாரி கிளம்பும். காலையில் பார்த்த நிறத்தைச் சாயங்காலம்வரை மனசில் சிந்தாமல் வைத்திருக்க அவளுக்குத் தெரியும், துண்டைத் திரும்ப எடுத்துப் பார்க்க வேண்டியதில்லை. அந்தப் பெருமையில்தான் முதல் ரயிலுக்கு மட்டும் ஸ்டேஷனுக்குப் போய்ப் பெட்டியருகே அட்டையைப் பிடித்து ஒத்துப் பார்த்தாள். மற்றதெல்லாம் மனசிலிருந்து கலந்தது. மனசில் இருந்தது மாறவில்லை. ஒவ்வொரு தடவையும் கிண்ணத்தில் கலக்கும்போது அது மனசிலிருப்பதைவிடச் சோகையாகத் தெரிந்தது, இன்னும் கொஞ்சம் நீலம் விட்டாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து சக்கரத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருப்பார். சரியா இருக்குதுங்களா என்று அவரைக் கேட்டதேயில்லை. அவரிடம் நிறம் கேட்பதா. கல்யாணமான புதிதில் சந்தையிலிருந்து தக்காளி வாங்கி வந்தவர் ஒவ்வொன்றையும் அமுக்கிப் பார்த்துவிட்டுத்தான் கூடையில் போட்டார் என்று கூட வந்த கொழுந்தன் சிரித்தான். அன்றைக்குத்தான் அவர் சொன்னார். என்ஜின் டிரைவராகப் போகவேண்டுமென்று பரீட்சை எழுதிப் பாஸான பிறகு மெடிக்கல் டெஸ்டில் ஒரு புத்தகத்தைக் காட்டினார்களாம். பக்கம் முழுக்க வர்ணப் புள்ளிகள். அதற்குள் ஒரு எண் இருக்கிறது, படி என்றார்களாம். அவருக்குப் புள்ளிகள் மட்டும்தான் தெரிந்தன. அடுத்த பக்கம், அதற்கடுத்த பக்கம். பின்னால் நின்ற பையன் கடகடவென்று படித்துக்கொண்டு போனானாம். பம்பு கம்பெனியில் லேத்துக்குப் போனார், ரயிலைக் கையளவுக்குச் சுருக்கி வீட்டில் வைத்துக்கொண்டார். முதன்முதலில் செய்த டீசல் என்ஜினுக்குப் பச்சை என்று நினைத்துக் காப்பிப்பொடி நிறத்தை அடித்து வைத்திருந்தார். அவள் ஒன்றும் சொல்லாமல் அதைச் சுரண்டிவிட்டுப் பச்சை அடித்துக் கொடுத்தாள். அன்றிலிருந்து இரும்பும் பித்தளையும் அவர் பக்கம், நிறம் இவள் பக்கம். ஒருநாளும் அந்தக் கோட்டைத் தாண்டி யாரும் வந்ததில்லை. இது சிவப்பு, தெரியலீங்களா என்று கேட்டிருக்கிறாள். சிக்னல் மாறிருச்சு, தெரியலீங்களா. இந்தப் புடவைக் கரை தெரியலீங்களா. தெரியலை, தெரியலை என்றே ஒரு மனுஷனைச் சொல்லவைத்திருக்கிறோமே என்று இப்போது, பெயின்ட் கடையில், விசிறிக் காற்றில் அட்டை படபடக்கும்போது தோன்றியது.

வியாழக்கிழமை இடது கண்ணுக்கு ஆபரேஷன். போகப்போவதில்லை என்று அவள் தனக்குள் முடிவுசெய்து வைத்திருந்தாள், அவருக்குத்தான் இன்னும் தெரியாது. இருமல் என்று சொல்லலாம். மழை விடட்டும் என்று சொல்லலாம். ஒரு கண்ணே போதும், இந்த வயசுக்கு ஊசியா கோக்கப் போகிறோம் என்று சொல்லலாம், ஆனால் ஊசிதான் கோக்கிறாள். போன மாதம் வலது கண்ணுக்கு மேஜைமேல் படுக்கவைத்து முகத்தைப் பச்சைத் துணியால் மூடி, துணியில் ஓட்டை வழியாகக் கண்ணை மட்டும் வெளியே எடுத்திருந்தார்கள். மூட முடியாது. வலியும் இல்லை. மேலே விளக்கு, அது கரைந்து ஓடுகிற விளக்கு, மழையில் பஸ் கண்ணாடி வழியாகப் பார்க்கிற மாதிரி. தண்ணீர் எங்கிருந்தோ ஓடிக்கொண்டேயிருந்தது. பழசை எடுத்தாச்சும்மா, ஆடாம இருங்க என்று டாக்டர் சொன்னார். அந்த நொடியில் விளிம்புகள் இல்லாமல் போயின. வெளிச்சம் இருந்தது, அந்த வெளிச்சத்தில் எந்தப் பொருளும் இல்லை. வெளியில மழை விட்டுதா சிஸ்டர் என்று டாக்டர் கேட்டார், தூறிட்டிருக்குது சார் என்று நர்ஸ் சொன்னாள், அவர்கள் இருக்கிற உலகத்தில் மழை, ஜன்னல், தூறல், எல்லாம் இருந்தன. இவளுக்கு ஒன்றுமில்லை. இப்படியே நிறுத்திவிட்டால் என்று நினைத்தாள். கரண்ட் போய்விட்டால். டாக்டருக்குத் திடீரென்று நெஞ்சுவலி வந்துவிட்டால். அப்போது ஓரத்திலிருந்து ஒரு நீலம் மெல்ல உள்ளே வந்தது. அது இந்த அட்டையில் இல்லை. மில்லில் எந்தத் தொட்டியிலும் அது விளைந்ததில்லை, யாரும் கலந்து பார்த்திருக்கமாட்டார்கள். அது ஒரு பொருளின் நிறமாக இல்லாமல் சும்மா தானாக இருந்தது. கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது, கையைக் கட்டியிருந்தார்கள். வெளியே வந்ததும் வெள்ளியங்கிரி கேட்டார், வலிச்சுதா. இல்லீங்க என்று மட்டும் சொன்னாள். அதை எப்படிச் சொல்வது, எந்த நம்பரைச் சொல்வது. பயம் அது மட்டுமில்லை. இந்த இடது கண்ணையும் துடைத்துவிட்டால் டீ நிறத்து உலகம் அதோடு போய்விடும். மகள் கல்யாணம் அந்த உலகத்தில்தான் நடந்தது. பேத்தி பிறந்தபோது துணியை விலக்கி முகம் பார்த்தது அதில்தான். அவர் தலை நரைத்தது அதற்குள்தான், அவள் பார்த்த நரை வெள்ளையாகவா இருந்தது, வெண்ணெய் நிறத்திலா. அத்தனையும் பொய் நிறமா. பார்த்தது பார்த்ததுதான் என்று சாட்சி சொல்ல ஒரு கண்ணாவது மிச்சம் இருக்க வேண்டாமா. கையை எடுத்துவிட்டு இரண்டு கண்ணையும் திறந்து அட்டையைப் பார்த்தாள். இரண்டு நீலமும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நழுவின. எதன்மேல் விரலை வைப்பது.

"டீ சொல்லட்டுமா?" என்றார் வெள்ளியங்கிரி. "முடிவாகலீன்னா நாளைக்கு வரலாம். பெட்டி எங்கயும் ஓடிராது."

அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். வெளிர் நீல வேட்டி கட்டிக்கொண்டு ஒரு கையால் பித்தளைப் பெட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, இந்த அட்டையில உங்களுக்கு என்ன தெரியுது?"

அவர் சிரித்தார். "எங்கிட்டயா கேக்கற?"

"உங்ககிட்டத்தான். சொல்லுங்க."

சுற்றின துணியை அப்படியே விட்டுவிட்டு மேஜைப்பக்கம் வந்தார். அட்டையைத் தொடாமல், சற்று உயரத்திலேயே விரலை நகர்த்திக்கொண்டு போனார். "இது இருட்டு. அதுக்கடுத்தது கொஞ்சம் தெளிவு. இதுவும் அதுவும் கிட்டத்துல வரும், ஆனா ஒண்ணில்ல. இந்த ஓரத்துல இருக்கறதெல்லாம் கத்தரிப்பூன்னு நீ சொல்லுவ, எனக்கு அதுவும் நீலந்தான். மத்தபடி," என்று நிறுத்தினார். "நீலம் எனக்கு எப்பவுமே நல்லாத் தெரியும், தவமணி."

அவள் அட்டையிலிருந்து கண்ணை எடுத்து அவரைப் பார்த்தாள்.

"அன்னிக்கு மெடிக்கல்ல அந்த டாக்டரே சொன்னாரு. தம்பி, உனக்குச் சிவப்பும் பச்சையும்தான் தகராறு, நீலத்துக்கு ஒரு கொறையும் இல்லேன்னு. ரயிலுக்கு வேண்டியது சிவப்பும் பச்சையும்தான. நீலத்த வெச்சுட்டு நான் என்ன பண்றது?"

"எங்கிட்டச் சொன்னதே இல்லையே நீங்க."

"நீ கேட்டதில்ல. நானும் அதப் பெருசா நெனைக்கல."

"அப்ப மாடியில இருக்கற ரயிலு?"

அவர் மெஹருன்னிசாவை ஒரு பார்வை பார்த்தார். அவள் நாசூக்காகத் திரும்பி அலமாரியில் டப்பாக்களை அடுக்க ஆரம்பித்தாள். "ஏறிக்கிட்டேதான் வந்துது" என்றார் தணிந்த குரலில். "வருஷா வருஷம் கொஞ்சம். கடைசி வண்டி மசியாட்டம் ஆயிருச்சு."

"தெரிஞ்சுட்டு ஏனுங்க சொல்லாம இருந்தீங்க?"

"நீ மில்லுல நின்னவ. உன்ற கண்ணுக்கு முன்னால என்ற கண்ணு எம்மாத்திரம். எனக்குத்தான் என்னமோ ஆகுதுன்னு நெனச்சேன். சிவப்பும் பச்சையும் பொறக்கறப்பவே இல்ல, இருந்த நீலமும் கெட்டுப் போகுதாட்ட இருக்குதுன்னு." மூக்கைத் துடைத்துக்கொண்டார். "பயந்துட்டேன். உங்கிட்டச் சொன்னா நீயும் பயப்படுவேன்னு சொல்லல."

"வேட்டியுமா?"

"வேட்டிய உன்ற சித்தப்பன் மகனே கேட்டுட்டான், என்ன மாமா, கலர் வேட்டிக்கு மாறிட்டீங்களான்னு. அப்பறந்தான் கெட்டது என்ற கண்ணு இல்லையோன்னு எனக்குச் சந்தேகமே வந்துது. அதுக்குள்ளாற உன் கண்ணுக்குத் தேதி குடுத்துட்டாங்க."

தவமணி ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தாள். சிரிப்பு வந்தது, அதன் கூடவே வேறு ஏதோ ஒன்று நெஞ்சை நிறைத்துக்கொண்டு வந்தது, அதற்கு அவளிடம் பெயர் இல்லை. ஒரே அறையில், ஒரே மேஜையில், ஒரே விளக்கின் கீழே இரண்டு பேர். அவள் கிண்ணத்தில் நீலம் போதவில்லை என்று விட்டுக்கொண்டிருந்தாள். அவர் நீலம் மிஞ்சிக்கொண்டு வருவதைப் பார்த்து, தன் கண் அவிந்துகொண்டு வருகிறது என்று வாய்திறக்காமல் சக்கரத்துக்கு எண்ணெய் போட்டார். அவளுடைய வலது கண்ணில் ஒரு உலகம், இடது கண்ணில் ஒரு உலகம் என்று ஒரு மாதமாக மாய்ந்து போனாளே, அடுத்த நாற்காலியில் மூன்றாவதாக ஒன்று இத்தனை வருஷமும் சாட்சியாக இருந்திருக்கிறது. சிவப்பில்லாத, பச்சையில்லாத ஒன்று. அதில் அவள் கல்யாணப் புடவை எப்படி இருந்திருக்கும். அவள் நெற்றிக் குங்குமம் என்ன நிறம். தக்காளியும் இலையும் ஒரே மண் நிறத்தில், செம்பருத்திச் செடி பூத்ததே தெரியாமல், ஆனால் நடுவில் இந்த நீலம் மட்டும் கலப்படமில்லாமல், அடுப்பில் பூத்ததுபோல. அதனால்தான் மலை ரயிலையே திரும்பத் திரும்பச் செய்தாரா. கேட்கலாம். இனிமேல் கேட்கலாம். கேட்க எவ்வளவு இருக்கிறது என்று நினைத்தபோது மலையடிவாரத்தில் நின்று மேலே பார்ப்பதுபோலத் தலை லேசாகச் சுற்றியது.

"நீங்களே எடுங்க" என்றாள்.

"நானா?"

"நீலத்த நீங்க எடுங்க. நான் சும்மா நிக்கறேன்."

அவருக்கு முகம் மாறிவிட்டது. அட்டையையும் பெட்டியையும் எடுத்துக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்குப் போனார். பித்தளைமேல் அட்டையை வைத்தார், எடுத்தார், வேறொரு பக்கத்தைத் திருப்பினார். தெருவில் ஒரு மணல் லாரி போனது, அது போய் முடியும்வரை அட்டையை நெஞ்சோடு அணைத்து நின்றார். பிறகு திரும்பி வந்து ஒரு கட்டத்தின்மேல் கட்டைவிரலை வைத்தார். "இது."

அவளுடைய உள்ளங்கை கண்ணை நோக்கித் தானாக எழுந்தது. பாதியில் இறக்கிக்கொண்டாள். அவள் எடுத்திருந்தால் அதற்குக் கீழ்க்கட்டத்தை எடுத்திருப்பாள். எது சரி என்று ஸ்டேஷனுக்குப் போய் ஒத்துப் பார்க்கலாம், அதற்கு ஒரு பகல் போதும். அவள் ஒத்துப் பார்க்க விரும்பவில்லை. நம்பரைப் படித்தாள். மெஹருன்னிசா அதை மெஷினில் தட்ட, டப்பாவுக்குள் மேலிருந்து துளித்துளியாகக் கறுப்பும் நீலமும் மஞ்சளும் விழுந்தன. மூடியை அடித்து இன்னொரு மெஷினில் வைத்ததும் அது மேஜையெல்லாம் அதிர டப்பாவை உலுக்கியது. மூடியை நெம்பித் திறந்து குச்சியால் ஒரு சொட்டு எடுத்துப் பித்தளைப் பெட்டியின் அடிப்பக்கத்தில் இழுத்துக் காட்டினாள்.

"க்ரீம் நம்பரும் சொல்லிட்டீங்கன்னா ஒண்ணாவே போட்டுர்லாங்கம்மா."

"க்ரீம் அப்பறம் வந்து பாக்கறனுங்க" என்றாள் தவமணி. "வியாழக்கிழம எனக்கு இன்னொரு கண்ணு இருக்குது. அது ஆகட்டும்."

வெள்ளியங்கிரி ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டார். மெஹருன்னிசா டப்பாவை மூடப் போனாள். தவமணி அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். "இருங்க" என்றாள். "இன்னும் கொஞ்சம் பாத்துக்கறேன்."